நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

அந்த டாக்டர் என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. நான் எங்கப்பாவிடம் கேட்டது வேறொரு கேள்வி. சாவுச் சர்டிபிகேட்டில் நெஞ்சு நோய் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதினவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அப்பா முப்பது வருசத்துக்கு மேல் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். ஸ்டோர் என்றால் கடை இல்லை; கொழுந்தை வாட்டி அரைத்துத் தூளாக்குகிற இடம். தேயிலையைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார், தமிழில். சிங்களத்தில் அவருக்கு நாலு வார்த்தை தெரியும், அதிலும் ரெண்டு கெட்ட வார்த்தை. நான் அப்படியில்லை. பல்லேகலையில் ஒரு கார்மென்ட்ஸ் ஆபீசில் பதினெட்டு வருசமாகக் குப்பை கொட்டுகிறேன். சுற்றிவரச் சிங்களம்தான். போனில் பேசினால் தோட்டத்துப் பிள்ளை என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அதனால் எங்கள் லயத்துக்கே, அந்த வரிசைக் காம்பிரா வீடுகளுக்கெல்லாம், நான்தான் வாய். பொலிசுக்குப் போனாலும் அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "பாப்பாவைக் கூப்புடு" என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். மகனோ மகளோ, பக்கத்துக் காம்பிராப் பிள்ளையோ, சிங்களம் தெரிந்த யாராவது கூடப் போக வேண்டும். மூலமோ, வெள்ளைப்படுதலோ, வெளியில் சொல்ல முடியாத எந்தக் கருமமாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். இதில் என்ன தப்பு என்று யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

நான் சும்மா மொழிபெயர்க்கிற ஆளும் இல்லை. உப்புப் பார்த்து, புளி பார்த்து இறக்குவேன். தாதி "மாடு மாதிரி குறுக்க நிக்காதே" என்று கத்தினால், "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றாங்க மாமா" என்பேன். எங்கள் ஆட்கள் பேச்சு வேறு மாதிரி. ஒருதரம் அப்பா கால் வலிக்கு டாக்டரிடம் போனார். எந்த மலையில் அட்டை கடித்தது, அன்றைக்கு என்ன மழை, கூட வந்தவன் எப்படிச் சிரித்தான் என்று ஒரு பெரிய கதை. டாக்டர் என்னைப் பார்த்தார். "கால் வலியாம்" என்றேன். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "நான் இம்புட்டுச் சொன்னேன், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் சிரித்தேன். கூட்டிக் குறைக்கிறது என் கெட்டித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போய் மூணு வருசத்தில் அப்பா மறுபடி கல்யாணம் செய்தார். அறுபத்தியொரு வயசு. பக்கத்துத் தோட்டத்தில் புருசனை இழந்த ஒரு பெண், ஐம்பதுகூட ஆகவில்லை. கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். நான் போகவில்லை. "அம்மா படத்துல போட்ட மாலை இன்னும் காயல, அதுக்குள்ள ஒங்களுக்கு என்னா அவசரம்?" என்று போனில் கத்தினேன். அவர் "சாப்டியா பாப்பா?" என்று கேட்டார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

இன்றைக்கு சின்னம்மா என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் அவர் 'அந்தப் பொம்பளை'தான். லயத்தில் வேறு, சும்மா இருப்பார்களா? "ஸ்டோருலருந்து ரிட்டயர் ஆனாலும் மிசினு நிக்கலடா" என்று அப்பாவின் கூட்டாளிகள் சிரித்தார்கள். அப்பாவும் கூச்சத்தோடு சிரித்தாராம். இதை என் தம்பி கொழும்பிலிருந்து போன் பண்ணிச் சொன்னபோது எனக்கு மானமே போன மாதிரி இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அந்தக் கோபத்தை ஊர் மேல் காட்ட முடியாமல் அப்பா மேல் காட்டினேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வருசத்துக்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மேட்டில் ஏறும்போது உட்கார்ந்துவிட்டார். கண்டி ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். பிறகு மாசத்துக்கு ஒருதரம் கிளினிக். நோய் விவரம் எழுதுகிற ஒரு கொப்பி, ஒரு பை நிறைய மாத்திரை. அதோடு கபில நிறத்தில் ஒரு சின்னப் போத்தல். நெஞ்சு பிடித்தால் உட்கார்ந்துகொண்டு அதில் ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். ஐந்து நிமிசத்தில் விடாவிட்டால் இன்னொன்று. அப்படியும் விடாவிட்டால் மூன்றாவதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். இதை நான் அட்சரம் பிசகாமல் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவுக்கு மட்டுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது அந்தப் பொம்பளைக்கும் சொன்னேன். திருப்பிச் சொல்லவும் வைத்தேன். மூணு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் வந்தால் சின்னம்மா வர மாட்டார். வரக்கூடாது என்று நான் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நாலாவது கிளினிக்கோ ஐந்தாவதோ. அந்த அறையில் ஒரு நீட்டு மேசை. ரெண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில். மறைப்பு ஒன்றும் கிடையாது. ஒருத்தரைப் பார்க்கும்போதே அடுத்த நம்பர்காரர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் நின்றவர் எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் ஆள். அப்பாவுக்கு வேண்டியவர், வாய் கொஞ்சம் நீளம்.

டாக்டர் ஒரு பெண், புதிதாக வந்தவர். என்னைவிட வயசு குறைவு. கொப்பியைப் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார். வீட்டில் யார் என்று கேட்டார். அம்மா இல்லை, மறுபடி கட்டியிருக்கிறார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் கேட்டார்.

"அக்கா, அப்பாகிட்ட ஒன்னு கேக்கணும். வெட்கப்படாம கேளுங்க. மனைவியோட சேர்ந்து இருக்கிறதுக்கு ஏதாவது மாத்திரை பாவிக்கிறாரா? ஆம்பளைங்க கடையில வாங்கிப் போடுவாங்க, எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. அதைப் போட்டிருந்தா இந்த நாக்கு மாத்திரையை வைக்கவே கூடாது. பிரஷர் ஒரேயடியா விழுந்துரும். ஆள் போயிரும். நெஞ்சு வலிச்சா நேரே இங்க கொண்டு வந்து, இன்ன மாத்திரை போட்டார்னு சொல்லணும்."

எல்லாம் விளங்கியது. ஒரு வார்த்தைகூட விளங்காமல் போகவில்லை. விளங்காமல் போயிருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி!

முகம் காய்ச்சல் வந்த மாதிரி கொதித்தது. பின்னால் அந்த மேல் டிவிசன் ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். பெத்த அப்பனிடம் இதைக் கேட்பதா? பொம்பளைப் பிள்ளை, அதுவும் தமிழில், பத்துப் பேர் முன்னால்? அது ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டால், அவர்கள் ரெண்டு பேரும் புருசன் பெண்டாட்டிதான் என்று என் வாயால் நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. இந்த வயசில் இவருக்கு இது ஒரு கேடா என்று உள்ளுக்குள் பொருமினேன்.

"அப்பா, கிளினிக் மாத்திரை தவிர வேற மருந்து கிருந்து ஏதாச்சும் போடுறீங்களா?"

அதைக் கேட்ட குரலையும் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லுங்கள் என்கிற குரல் அது.

அப்பா டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடி, "இல்ல பாப்பா" என்றார்.

"இல்லையாம் டாக்டர்."

"கேள்வி அவருக்கு நல்லா விளங்கிச்சா?"

"நல்லா விளங்கிச்சு."

"இனிமேலும் போடக்கூடாதுன்னு சொல்லிருங்க. ஏன்னும் சொல்லுங்க."

நான் அப்பா பக்கம் திரும்பி, "கண்ட கண்ட மாத்திரை வாங்கிப் போடக்கூடாதாம்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். டாக்டர் கொப்பியில் ஏதோ எழுதி மூடினார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வெளியில் வந்து டீ குடிக்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா இம்புட்டு நேரம் பேசுச்சே பாப்பா, என்னாதான் சொன்னுச்சு?"

"ஒன்னுமில்ல. கறிக்கு எண்ணெயைக் குறைக்கச் சொன்னாங்க."

"அதுக்கா இம்புட்டுப் பேச்சு?"

"அவங்க அப்படித்தான் பேசுவாங்க. டீயைக் குடிங்க, பஸ்ஸு போயிரும்."

அவர் குடித்தார். பணிஸ் ஒன்றை எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகும் கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் மாறிப் போய்விட்டார். வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கும் அது மறந்தே போய்விட்டது என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை. ராத்திரி படுக்கும்போது ஒரு தரம் ரெண்டு தரம் நினைவுக்கு வந்தது. சீ, அப்பா அப்படிப்பட்ட ஆளா என்று புரண்டு படுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள்? கட்டின பெண்டாட்டியோடு வாழ நினைத்த ஆள். அவ்வளவுதானே!

ஒரு பௌர்ணமிப் போயா லீவு அன்று, பின்னேரம் மூணரை மணி. நான் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். சின்னம்மா அதுவரை எனக்கு ஒருதரம்கூடப் போன் பண்ணியதில்லை, அன்று பண்ணினார். எடுத்ததுமே அழுகை.

"மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தோம் புள்ள..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். எழும்பும்போது அப்பா நெஞ்சு பிடிக்கிறது என்றிருக்கிறார். போத்தலை எடுத்து, தானே ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்திருக்கிறார், வேர்த்து ஊற்றியிருக்கிறது. அப்படியே சரிந்துவிட்டார்.

"அஞ்சு நிமிசம் பாத்துட்டு ரெண்டாவதையும் நான் வச்சேன் புள்ள. நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான் வச்சேன். வாயைத் தொறந்து வச்சேன். கண்ணு முழிக்க மாட்டேங்குறாரு."

உடனே அவரைக் கண்டிக்குக் கொண்டு வரச் சொன்னேன். அந்த ஈர உடுப்போடேயே கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். லயத்து ஆட்டோவில் அவரைப் போட்டுக்கொண்டு அந்த வளைவெல்லாம் சுற்றி வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வாசலிலேயே நின்றேன். வந்து இறக்கும்போது அவருடைய கை பச்சைத்தண்ணி மாதிரி குளிர்ந்திருந்தது.

உள்ளே ஒரு ஆண் டாக்டர் பிரஷரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நாக்கு மாத்திரை வைத்தது என்றதும் சட்டென்று நிமிர்ந்து சிங்களத்தில் என்னிடம் கேட்டார். அதே கேள்வி. இந்த முறை குரல் தாழ்த்தவில்லை, சிரிக்கவில்லை.

நான் சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டேன். தாதிமார், ஆட்டோக்காரர், பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் இருந்தார்கள்.

"அப்பா ஒங்களோட சேர்றதுக்காக மாத்திரை ஏதாச்சும் போட்டாரா? இன்னைக்குப் போட்டாரா? எத்தன மணிக்கு?"

கேட்டுவிட்டேன். நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை. மூணு வரி. கேட்டு முடிக்க அரை நிமிசம்கூட ஆகவில்லை.

சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். "ஒன்னு போட்டாரு. சாப்பிடுறதுக்கு முந்தி." அப்பாவின் வெற்றிலைப் பை அவர் கையில்தான் இருந்தது. அதற்குள் பேப்பரில் சுற்றி ஒரு மாத்திரை அட்டை. நாலு குழியில் ரெண்டு வெறுமை. டவுனில் ஒரு பார்மசியில் டாக்டர் துண்டு கேட்காமலே கொடுத்தார்களாம்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு சேலைன், ஊசி என்று ஓடினார்கள். எல்லாம் முடிந்து வெளியில் வந்து எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த மாத்திரை தனியாக ஆளைக் கொல்லாது. இந்த நாக்கு மாத்திரையும் தனியாகக் கொல்லாது, காப்பாற்றத்தான் செய்யும். ரெண்டும் ரத்தக் குழாயை விரிக்கிறவை. சேர்ந்தால் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் விரிந்து பிரஷர் கீழே போய்விடும். எங்கள் லயத்துத் தண்ணி டாங்கி எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லாப் பைப்பையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் மேல் வீட்டுக்குச் சொட்டுத் தண்ணி ஏறாது. ஏற்கனவே பழுதான நெஞ்சு தாங்கவில்லை என்றார். "இதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா போனார். கண்ணைத் திறக்கவே இல்லை.

சாவு வீட்டில் நான் அழுதேன். எல்லாரையும்விடச் சத்தமாக அழுதேன். ஆட்டோக்காரர் மூலம் விசயம் பாதி வெளியில் போயிருந்தது. மீதியை வாய்கள் சேர்த்துக்கொண்டன. "வந்தா, ஆளைத் தின்னுட்டா" என்று குசினி அடுப்படிப் பக்கம் பேசினது என் காதிலேயே விழுந்தது. யாரும் சின்னம்மாவுக்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்கவில்லை. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "பதினாறு முடிஞ்சதும் அனுப்பிரு அக்கா" என்றான். ஊருக்கே வாயாக இருந்தவள், பதினாறு நாள் ஊமையாக இருந்தேன். பேசாமல் இருந்தால் பழி அவர் மேலேயே இருக்கும். எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதும்போது என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

கருமாதி முடிந்த பின்னேரம், ஆட்கள் கலைந்த பிறகு, உள் காம்பிராவில் சின்னம்மா தன் சேலைகளை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஐந்தாறுதான். என்னைப் பார்த்ததும் எழும்பி நின்றார். என்னைவிடப் பெரியவர், எனக்காக எழும்பி நின்றார்.

"அவங்க பேசுறது சரிதான் புள்ள," என்றார். "நான்தான் கொன்னுட்டேன். ஒன்னு வச்சதோட விட்டிருந்தா பொழச்சிருப்பாரோ என்னவோ. ரெண்டாவதை நான்தான் வச்சேன். இந்தக் கையாலதான் வச்சேன்."

கையை நீட்டிக் காட்டினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன கேட்டேன், ஏன் அப்படிக் கேட்டேன், கறிக்கு எண்ணெய் என்று பொய் சொன்னது, ஆஸ்பத்திரியில் 'இல்லை' என்றது. ஒன்றையும் குறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. செருப்பால் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. கையில் இருந்த சேலையைப் பாதி மடிப்போடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவருக்கும் பயம் இருந்துச்சு புள்ள. இதையும் அதையும் ஒன்னாப் போடலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மகள வச்சுக்கிட்டு எப்படிக் கேக்குறதும்பாரு. ஒரு மாசம் பாப்பாவுக்கு லீவு கெடைக்காட்டி, சிங்களம் தெரிஞ்ச ஆட்டோக்காரத் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயாச்சும் கேட்டுருவேம்பாரு. கிளினிக்குக்குப் போறப்பெல்லாம் வாசல்ல நின்னு இதச் சொல்லிட்டுத்தான் போவாரு."

"திரும்பி வந்து என்னா சொல்வாரு?"

"பாப்பா வந்துருச்சும்பாரு."